அடைவு நிலை இரண்டு

ஆண்டிறுதி மதிப்பீட்டு அறிக்கையைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய மறுநாள், பள்ளி விட்ட பிறகு ஆசிரியர்கள் அறைக்கு ஜெயராஜ் வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. பக்கத்தில் அவர் மகள் விஷ்ணுப்ரியா, ஆறாம் ஆண்டு மாணவி, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

இந்துஜா அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். பண்டமாரானை ஒட்டிய அந்தத் தமிழ்ப்பள்ளியில் அவள் மலாய்மொழி ஆசிரியை. வீடு தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில். தினமும் விடியுமுன் கொமுட்டர் ரயிலேறி கிள்ளான் பக்கம் வந்து, மாலையில் அதே தடத்தில் திரும்புபவள். அந்த வாரம் முழுக்க மதிப்பீட்டு எண்களை இணையத்தில் ஏற்றி ஏற்றிக் கண் எரிந்துகொண்டிருந்தது.

"உக்காருங்கண்ணே."

"இல்ல டீச்சர், லோரிய ரோட்டோரமா போட்டுட்டு வந்திருக்கேன். சம்மன் போட்டுடுவான்." பெட்டியை மேசைமேல் வைத்தார். "மலாய்ல ரெண்டாவதா வந்திருக்கா. நாலாம் ஆண்டுல ரெண்டு, அஞ்சுலயும் ரெண்டு, இந்த வருஷமும் விடல பாருங்க. எங்க குடும்பத்துல மலாய்ல பாஸ் பண்ணவங்களே கெடயாது டீச்சர்."

இந்துஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிள்ளையைத்தான் பார்த்தாள். விஷ்ணுப்ரியா ஒரு கணம் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் வெறும் கெஞ்சல்தான் இருந்தது. இவளுக்குத் தெரியும், ரொம்ப நாளாகவே தெரியும் என்பது இந்துஜாவுக்குப் புரிந்தது.

"ப்ரியா, கேண்டீன் பக்கம் போய் இரும்மா. அப்பா வந்துடுவாரு."

பிள்ளை போன பிறகு இந்துஜா கேக் பெட்டியை ஓரமாக நகர்த்தினாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த எண்ணைத் தொடர்ந்து வரப்போவது என்னவென்று இவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"அண்ணே, அது ரேங்க் இல்ல."

"பின்ன?"

"அடைவு நிலை. ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் போடுவோம். ஆறுதான் உசத்தி. ரெண்டுன்னா கீழ இருந்து ரெண்டாவது படி."

ஜெயராஜ் சட்டைப் பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் பிரித்தார். நான்காக மடித்திருந்தார். பாடங்களின் பெயரும் அவற்றுக்கு எதிரே ஒற்றை எண்களும் இருந்தன. விளக்கமெல்லாம் கீழே பொடி எழுத்தில், மலாயில். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"அப்ப கணக்குல மூணாவது இல்லையா?"

"இல்லண்ணே. மூணுன்னா பரவாயில்ல, சமாளிக்கிறான்னு அர்த்தம்."

"தமிழ்ல நாலுன்னு போட்டிருக்கீங்க." அவர் குரல் இறங்கியது. "நேத்து ராத்திரி ஏசினேன் டீச்சர். வீட்டுல பேசுற மொழி, இதுல போய் நாலாவதா வரியேன்னு."

"அதுதான் அவ எடுத்ததுலயே நல்லது."

அவர் அறிக்கையை மீண்டும் மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சரியாக விழவில்லை. "யுபிஎஸ்ஆர் பரீட்சை இருந்தப்ப ஏ, பி, சின்னு இருந்துச்சு. படிக்காதவனுக்கும் புரியும். அத எடுத்துட்டாங்க, சரி. இத யாரு எங்களுக்குச் சொன்னா?"

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. வேலை நாளில், காலையில். வந்தவர்கள் ஒரு வரிசைகூட நிறையவில்லை. அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இந்துஜா விட்டுவிட்டாள். மீதியைச் சொன்னாள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மலாயில் மூன்றாம் நிலையாவது வேண்டும். இல்லையென்றால் இடைநிலைப்பள்ளியில் நேரே படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. ஓராண்டு ரிமூவ் வகுப்பில் உட்கார வேண்டும்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஜெயராஜ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரோட்டோரம் நின்ற லோரி அவருக்கு மறந்துவிட்டது.

"நான் இருந்திருக்கேன் டீச்சர் அதுல. கடைசி பில்டிங். பக்கத்து ரூம்ல உடைஞ்ச மேசை நாற்காலியெல்லாம் அடுக்கி வெச்சிருப்பாங்க. வாத்தியாரு வந்தா வருவாரு, வரலன்னா யாரும் கேக்க மாட்டாங்க. கூடப் படிச்சவன்லாம் மேல போயிட்டான், நாங்க அங்கயே. ஒரு வருஷந்தான்னு சொல்வாங்க. அந்த ஒரு வருஷத்துல புத்தி வேற பக்கம் போயிடும். ரெண்டாம் படிவத்தோட நின்னேன். என் கூட இருந்தவனுங்க பாதிப் பேரு அப்படித்தான்."

இந்துஜாவுக்கும் அப்படிப்பட்ட பெயர்கள் தெரியும்.

"இந்த நம்பர கம்ப்யூட்டர் போடுதா, நீங்க போடுறீங்களா?"

"நாந்தான் போடுறேன்."

"அப்ப ஒண்ணு கூட்டிப் போடுங்களேன். ஒரே ஒரு நம்பர்தானே டீச்சர்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் திருத்தலாம். பாக்குறேன்."

சொன்ன உடனேயே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. அவர் எழுந்தார். கேக் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கையை ஆட்டி மறுத்தார். "வெச்சுக்குங்க. வாங்கிட்டேன்ல."

மறுநாள் தலைமையாசிரியர் பரமேஸ்வரன் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் மருந்து மாத்திரைகளும் வட்டாரக் கூட்டத்துக்கான அட்டவணையும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் அவருக்கு.

"அந்த லோரிக்கார அப்பா எனக்கும் ஃபோன் பண்ணாரு. பாக்குறேன்னு சொன்னீங்களாமே, பாக்க என்ன இருக்கு? ரெண்டு வாங்குன பிள்ளைங்க எல்லாத்தையும் மூணாக்கிடுங்க. வகுப்பு மதிப்பீடுன்னா ஆசிரியரோட தீர்ப்புன்னு கல்வி இலாகாவுலயே எழுதி வெச்சிருக்காங்க. நீங்க மூணுன்னா மூணு."

"சார், அங்க போனா எல்லாப் பாடமும் மலாய்ல. வரலாறு, புவியியல் எல்லாம். எழுதத் தெரியாம எப்படிங்க சார்?"

"போய் கத்துக்குவாங்க. கூட்டத்துல போய் நான் என்ன காட்டுறது, டீச்சர்? நம்ம பள்ளிய மட்டும் தனியா நிறுத்திக் கேள்வி கேப்பாங்க." கண்ணாடியைக் கழற்றி மூக்குத் தண்டைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் ஆசையில்ல."

அன்று பள்ளி முடிந்ததும் இந்துஜா விஷ்ணுப்ரியாவை நிறுத்திவைத்தாள். மறுமதிப்பீடு செய்ய விதியில் இடமுண்டு. மூன்று போட ஒரு சாக்குக் கிடைத்தாலும் போதும் என்ற நிலையில்தான் அவளும் இருந்தாள்.

"முதல்ல சொல்லு, அப்புறம் எழுதலாம். கிளினிக்குக்கு அம்மாவ நீதான் கூட்டிட்டுப் போவியாமே? போன தடவ போனப்ப என்ன நடந்துச்சுன்னு மலாய்ல சொல்லு."

பிள்ளை சொன்னாள். அரசாங்கக் கிளினிக்கில் எண் கொடுக்கும் பெண் இவர்களை எப்படி மூன்று கவுண்டருக்கு அலையவிட்டாள், அம்மா எப்படி வாயே திறக்காமல் நின்றாள், தான் போய் எப்படிக் கேட்டாள், பிறகு அந்தப் பெண்ணே எப்படிச் சிரித்துவிட்டாள் என்று, குரல்களை மாற்றி மாற்றி, துறைமுகத்துப் பக்கத்து மலாயில், ஒரு இடத்திலும் தட்டாமல் சொன்னாள். இந்துஜாவே சிரித்துவிட்டாள். பேச்சுக்கு எண் போடச் சொன்னால் ஐந்து போடலாம்.

பிறகு தாளைக் கொடுத்தாள். 'போ' என்பதற்கு 'பெர்கி' என்று எழுத வேண்டிய இடத்தில் விஷ்ணுப்ரியா பேச்சில் வருவதுபோல் 'பிகி' என்று எழுதினாள். மூன்று வாக்கியம் வந்தது. நான்காவதாக முதல் வாக்கியத்தையே திரும்ப எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை.

"எழுதும்போது என்னம்மா ஆவுது?"

"வாயில இருக்கு டீச்சர். கைக்கு வரமாட்டுது."

பிள்ளை தாளின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சு. வீட்டுல பேசவே மாட்டறாரு."

"நீ முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?"

"நாலாம் ஆண்டுல ரெண்டுன்னு பாத்துட்டு என்னைத் தூக்கிச் சுத்துனாரு டீச்சர். கீழ் வீடு, மேல் வீடு, கடைக்காரரு எல்லார்கிட்டயும் சொன்னாரு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

இந்துஜா அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்தாள். "நான் மூணு போட்டா நீ படிவம் ஒண்ணுக்குப் போயிடுவே," என்றாள்.

"தெரியும். பக்கத்து வீட்டு அக்காவோட வரலாறு புக்க பாத்தேன். ஒரு பக்கம் படிக்க ரொம்ப நேரம் ஆச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் ரிமூவே போறேன் டீச்சர்."

"ஏன்?"

"அங்க இருக்கிற யாருக்குமே வராதுல்ல? இங்க நீங்க கேட்டா நான் தலையாட்டுறேன். புரிஞ்ச மாதிரி. மூணு வருஷமா தலையாட்டுறேன். படிவம் ஒண்ணுலயும் போய் ஆட்டணுமா?" பெரியவர்கள் வேலை முடிந்து வந்து சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "ஆனா நான் கேட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. பொய் சொன்னதோட இதுவும் சேந்துடும்."

"சரி," என்றாள் இந்துஜா.

அன்று மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் இந்துஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. தலையாட்டியதைத் தான் பார்க்காமல் போனது எப்படி என்று யோசித்தாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பாடத்திட்டம், பதிவேற்றம் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. எல்லாமே உண்மைதான். ஆனாலும் அவற்றால் மனம் ஆறவில்லை.

வீட்டில் கணவன் கேதீஸ்வரன் தேநீர் போட்டுக் கொடுத்தான். அவன் குடும்பத்தில் இன்னும் யாழ்ப்பாணப் பேச்சுதான், அவளும் அவனிடம் அப்படியே பேசப் பழகியிருந்தாள்.

"அந்தத் தகப்பன் கேக்கிறார், தலைமையாசிரியர் கேக்கிறார். மூண்டைப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் சந்தோசம். நீர் ஏன் கிடந்து யோசிக்கிறீர்?"

"அவளுக்குச் சந்தோசமில்லை."

"பன்னிரண்டு வயசுப் பிள்ளை. அதின்ர முடிவையோ பாக்கிறது?"

"அவளின்ர முடிவு மட்டுமில்லையப்பா. தாளில இருக்கிறதும் ரெண்டுதான்."

"அப்ப அந்தப் பிள்ளைதான் கேட்டதெண்டு தகப்பனிட்டச் சொல்லும். ஏன் நீர் பேச்சு வாங்க வேணும்?"

"சொல்லமாட்டன்."

வெள்ளிக்கிழமை அவள் எண்களை ஏற்றினாள். எல்லையில் நின்ற சிலரை மூன்றுக்குத் தூக்கினாள். அதில் ஒன்றிரண்டில் அவளுக்கே முழு நம்பிக்கை இல்லை. விஷ்ணுப்ரியாவின் இரண்டை அப்படியே விட்டாள். உறுதி செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு ஜெயராஜுக்குத் தொலைபேசியில் சொன்னாள். தன் தீர்ப்பு இதுதான், எழுத்து இன்னும் வரவில்லை, ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தால் வரும் என்றாள். அவருக்குப் பின்னால் கொள்கலன் ஏற்றும் சத்தம் கேட்டது.

"நீங்க பாக்குறேன்னு சொன்னீங்க டீச்சர்," என்றார். தொடர்பு அறுந்தது.

அன்றிரவே பெற்றோர் வாட்சாப் குழுவில் அவருடைய குரல்பதிவு வந்தது. பெயர் சொல்லவில்லை. தமிழ்ப்பிள்ளையின் ஒரு வருஷத்தைத் நம் இனத்து டீச்சரே தின்றுவிட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தார். கீழே இருவர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். பரமேஸ்வரன் போட்ட புது ஆண்டு அட்டவணை வந்தபோது இந்துஜாவிடமிருந்து ஆறாம் ஆண்டு போய்விட்டிருந்தது. முதலாம் ஆண்டும் பாடநூல் அறைப் பொறுப்பும் கொடுத்திருந்தார்கள்.

நோன்பு மாதம் தொடங்கிய வாரத்தில் பள்ளிகள் திறந்தன. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அழுதார்கள், தண்ணீர்ப் புட்டியைத் தொலைத்தார்கள், இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். பாடநூல் அறையில் தூசி. அவளுக்குத் தும்மல் நிற்கவில்லை. வேலை குறைந்திருந்தது, களைப்பு மட்டும் குறையவில்லை.

நோன்புப் பெருநாள் விடுமுறை கழிந்து சில வாரங்களில், ஒரு நாள் காலை பள்ளி தொடங்குமுன், பள்ளிக்கு அருகே பாசாரில் விஷ்ணுப்ரியாவின் அம்மா தனலெட்சுமியைப் பார்த்தாள். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். இரவு வேலை முடிந்து நேரே காய் வாங்க வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எப்படிப் படிக்கிறா ப்ரியா?" என்று இந்துஜா கேட்டாள். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

"எங்க டீச்சர் படிக்கிறது? ரிமூவ் வகுப்பு மலாய் டீச்சரு பிள்ள பெக்க லீவுல போயிட்டாங்களாம். பதிலுக்கு ஆளு வரல. மண்டபத்துல உக்கார வெச்சிடுறாங்களாம். சில நாளு வேற வாத்தியாரு வந்து பேரு கூப்பிட்டுட்டுப் போயிடுவாராம்." கீரைக்கட்டைப் பைக்குள் திணித்தாள். "அவங்க அப்பாவுக்கு இப்ப உங்க பேர எடுத்தாலே ஆவறதில்ல. கோவிச்சுக்காதீங்க."

இந்துஜா அன்று பாடம் நடத்தியது அவளுக்கே நினைவில்லை. மூன்று போட்டிருந்தால் அந்தப் பிள்ளை இந்நேரம் ஏதாவது ஒரு வகுப்பில், ஏதாவது ஒரு ஆசிரியர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். இரண்டு போட்டது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள். மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சரியால் என்ன பயன்?

சனிக்கிழமை அவர்கள் வீடு தேடிப் போனாள். மலிவுவிலை அடுக்குமாடி, நான்காம் மாடி, மின்தூக்கி ஓடவில்லை. மூச்சு வாங்க அவள் நின்றபோது கதவைத் திறந்தது ஜெயராஜ்தான்.

"எதுக்கு வந்தீங்க?"

"வகுப்புக்கு ஆளில்லன்னு கேள்விப்பட்டேன். யாருகிட்ட கேக்கணும்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்பவே சொன்னேன்ல டீச்சர், வாத்தியாரு வரலன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு. எம்பொண்ண அங்க தள்ளுனது நீங்க. இப்ப வந்து வழி சொல்றீங்க." அவர் கத்தவில்லை. வெளியிலிருந்த இரும்புக் கதவை மட்டும் திறக்காமல் பிடித்திருந்தார். "நல்லா படிச்ச ஆளு. உங்களுக்கு எங்க வீட்டுப் பிள்ளைங்க மேல என்ன கோவம்?"

"அப்பா."

விஷ்ணுப்ரியா உள்ளேயிருந்து வந்திருந்தாள். உயரம் கூடியிருந்தது. "டீச்சர ஏசாத. நாந்தான் ரிமூவ் போறேன்னு கேட்டேன். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் நாந்தான் சொன்னேன்."

சமையலறையில் தாளிக்கும் சத்தம் நின்றது. ஜெயராஜ் மகளைப் பார்த்தார், பிறகு இந்துஜாவை.

"நெசமா டீச்சர்?"

"நெசந்தான். ஆனா அவ கேக்கலன்னாலும் எனக்கு மூணு போட மனசு வந்திருக்குமான்னு தெரியல."

"அதச் சொல்லியிருந்தா நான் குரூப்புல அப்படிப் பேசியிருக்க மாட்டேனே. எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கிட்டு சும்மாவா இருப்பீங்க?"

"சொல்லாதீங்கன்னு கேட்டா. சரின்னேன்."

அவர் இரும்புக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். உள்ளே வரச்சொல்லி வாயால் அழைக்கவில்லை. தனலெட்சுமிதான் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இந்துஜா தெரிந்ததைச் சொன்னாள். பள்ளி அலுவலகத்தில் கேட்டால் கல்வி இலாகாவைக் கைகாட்டுவார்கள். இலாகாவில் ஒருவர் தனியாகப் போனால் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போக வேண்டும். இந்த ஆண்டு முடிவில் இந்தப் பிள்ளைகளுக்கும் மதிப்பீடு உண்டு, கற்பிக்காமல் எதை வைத்து எண் போடுவீர்கள் என்று கேட்க வேண்டும்.

"நான் கேட்டா எடுபடுமா? என் மலாய் துறைமுகத்து மலாய்."

"ப்ரியாவோடதும் அதுதான். அதுல அவ அஞ்சு எடுப்பா."

ஜெயராஜ் சிரிக்கவில்லை. ஆனால் கைப்பேசியை எடுத்து, அந்த வகுப்பில் யார் யார் அப்பா எண்கள் உன்னிடம் இருக்கின்றன என்று மகளைக் கேட்டார்.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து பெற்றோர் கல்வி இலாகாவுக்குப் போனார்கள். ஒரு மலாய்க்கார அம்மாவும் வந்திருந்தார். தமிழ்ப்பள்ளியில் படித்த வளர்ப்பு மகனுக்காக. இந்துஜா அவசர விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனாள். காத்திருக்கும் அறையில் குளிரூட்டி அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. மூன்று மணி நேரம் கழித்து ஓர் இளம் அதிகாரி வந்து, தற்காலிக ஆசிரியருக்கான ஒப்புதல் மேலே காத்துக் கிடக்கிறது என்றார். அவரும் களைத்துப்போயிருந்தார். ஜெயராஜ் எழுந்து நின்று பேசினார். முதலில் தடுமாறினார், பிறகு வேகம் வந்தது. கடைசிக் கட்டடத்தைப் பற்றியோ தன் காலத்தைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிள்ளைகள் மண்டபத்தில் உட்கார்ந்த நாள்களை மட்டும் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

ஆள் வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பந்திங்கிலிருந்து ஓர் இளம்பெண், ஒப்பந்த ஆசிரியை, பழைய மோட்டார் சைக்கிளில் வந்தாள். நன்றாகக் கற்பிக்கிறாள் என்று தனலெட்சுமி தொலைபேசியில் சொன்னாள். விஷ்ணுப்ரியா தினமும் ஒரு பத்தி எழுதுகிறாள். பாதி தப்பு, சிவப்பு மையில் திருத்தி வருகிறது, மறுநாள் திரும்ப எழுதுகிறாள். அந்த ஆசிரியையின் ஒப்பந்தம் ஆண்டு முடிவுவரை நீளுமா என்பது யாருக்கும் தெரியாது.

இலாகாவுக்குப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை, திரும்பும்போது ஜெயராஜ்தான் இந்துஜாவைத் தன் பழைய காரில் கிள்ளான் ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் நெரிசல். நிலைய வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவர் முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குரூப்புல பேசினது தப்பு. அத நான் குரூப்புலயே சொல்லிடுறேன். ஆனா டீச்சர், உள்ள இருக்கிற கோவம் இன்னும் போகல. உங்க மேலயா, வேற எது மேலயான்னும் தெரியல."

"பரவாயில்லண்ணே," என்றாள் இந்துஜா. "எனக்கும் இருக்கு."

அவர் தலையசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவள் படியேறி மேடைக்குப் போனாள். ரயில் தாமதம் என்று பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. காலியாக இருந்த ஓர் இருக்கையில் போய் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிக் கால்களை நீட்டிக்கொண்டாள்.